ஜர்னல் சதுக்கத்துக் கொட்டகை

சூயிங்கத்துக்கும் வயது உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு எலக்ட்ரீஷியன். ஜெர்ஸி சிட்டியில் ஒரு பழைய தியேட்டரின் பால்கனியில் இருவரும் முழங்காலிட்டு, நாற்காலிகளின் அடிப்பக்கத்தை மழுங்கிய உளியால் சுரண்டிக்கொண்டிருந்தோம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவது எண்பதுகளில் ஒட்டியது. கல்லாகிவிட்டது அதற்கும் முந்தையது. ஒரு துண்டைப் பெயர்த்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நிக்சன் காலத்துச் சரக்கு" என்றார். ஏதோ அகழாய்வில் கிடைத்த பானையோட்டைப் பார்ப்பதுபோல நானும் மரியாதையுடன் பார்த்தேன். அன்றைய கூலி இரண்டு பீட்சாத் துண்டுகளும் ஆறிப்போன காப்பியும்.

தியேட்டரின் பெயர் லோயீஸ் ஜெர்ஸி. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'லோவ்ஸ்' என்றுதான் வரும். முதல் ஒரு வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளூர்க்காரர்கள் 'லோ-ஈஸ்' என்று இரண்டாக இழுப்பார்கள். வேறு மாதிரி சொன்னால் வெளியூர் ஆள் என்று முகத்திலேயே தெரிந்துபோகும், என் முகத்தில் அது ஏற்கெனவே எழுதியிருந்தாலும்.

2008இல் மன்ஹாட்டனில் வேலை கிடைத்தபோது, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஜர்னல் சதுக்கத்துப் பக்கம் குடிவந்தேன். ஆற்றுக்கு அடியில் போகும் பாத் ரயிலில் ஏறினால் நியூயார்க். எதிர்த்திசையில் பத்து நிமிடம் நடந்தால் நியூவர்க் அவென்யூ. கறிவேப்பிலை, முருங்கைக்காய், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் கிடைக்கும் இந்தியத் தெரு. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலைக்கு எதிர்ப்புறம் அந்தத் தியேட்டரின் சுடுமண் முகப்பு நிற்கும். உச்சியில் ஒரு கடிகாரம், அதற்கு மேல் குதிரையில் ஒரு வீரன், அவன் ஈட்டிக்கு முன்னால் ஒரு டிராகன். ஜார்ஜ் என்ற கிறிஸ்தவப் புனிதர். கால் மணிக்கு ஒருமுறை குதிரை முன்னால் பாயும், ஈட்டி இறங்கும், டிராகனின் வாயில் சிவப்பு பல்பு எரிந்து நெருப்பு கக்குவதுபோலத் தெரியும். 1929இல் அப்படித்தான் கட்டினார்கள். மதுரைக்காரனான எனக்கு அதைப் பார்த்ததும் சூரசம்ஹாரம்தான் நினைவுக்கு வந்தது. வேலெடுத்தவர் யாராக இருந்தால் என்ன?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு மழைக்கு ஒதுங்கத்தான் முதன்முதலில் உள்ளே போனேன். கறுப்புவெள்ளைப் படம் ஏதோ ஓடப்போவதாகப் போட்டிருந்தது. டிக்கெட் மிகவும் மலிவு. கதவைத் தாண்டியதும் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பிய வட்டக் கூடம், மேலே குவிமாடம், அதிலிருந்து தொங்கும் படிகச் சரவிளக்கு. சுற்றிலும் பச்சைப் பளிங்குத் தூண்கள். அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். நின்ற சில நொடிகளில் குளிர் கணுக்காலைப் பிடித்தது. சுவரில் ஓரிடத்தில் பூச்சு உரிந்து கம்பிவலை தெரிந்தது. கழிப்பறைக்குப் போகும் வழியை அட்டையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அரண்மனையில் குடிபுகுந்த கீழ்நடுத்தரக் குடும்பம் மாதிரி இருந்தது அந்த இடம். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

பளிங்குத் தூண் என்றேன். அது பளிங்கு இல்லை. ஸ்காக்லியோலா என்று ஒரு இத்தாலியத் தொழில்நுட்பம்: ஜிப்சத்தையும் பசையையும் நிறப்பொடிகளையும் குழைத்து, நரம்பு நரம்பாக நிறம் ஓடும்படி பிசைந்து பூசி, நாள்கணக்கில் தேய்த்து, எண்ணெய் கொடுத்து மெருகேற்றினால் பளிங்குபோலவே ஆகிவிடும். தட்டிப் பார்த்தால் மட்டும் சத்தம் காட்டிக்கொடுக்கும். கை வைத்தபோது அம்மா பிறந்த காரைக்குடிப் பக்கத்து வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்த செட்டிநாட்டுச் சுவரும் இப்படித்தான் வழவழப்பாக, கோடையிலும் குளிர்ந்து கிடக்கும். அங்கே அது சுவராகவே இருந்தது. பளிங்கென்று பொய் சொல்லவில்லை. இங்கே எல்லாமே பொய். மரம்போலத் தெரிவது வர்ணம் பூசிய பிளாஸ்டர். கல்லில் செதுக்கியதாகத் தெரியும் குழந்தைத் தேவதைகள் அச்சில் வார்த்தவை. இப்படிப்பட்ட பட அரண்மனைகளில் தங்க முலாம் என்று நாம் வாய்பிளப்பது பெரும்பாலும் பித்தளைத் தகடோ, மஞ்சள் வார்னிஷ் அடித்த அலுமினியத் தகடோதான். சினிமா செட் போட்டே சினிமாக் கொட்டகையும் கட்டியிருக்கிறார்கள். மக்கள் டிக்கெட் வாங்குவது படத்துக்காக அல்ல, தியேட்டருக்காக என்று இந்தக் கொட்டகையைக் கட்டிய லோ நிறுவனத்தை உண்டாக்கிய மார்கஸ் லோ சொன்னதாகச் சொல்வார்கள். அவருடைய நிறுவனத்தின் கையில்தான் எம்ஜிஎம் ஸ்டூடியோவும் இருந்தது. படமும் அவர்களுடையது, கொட்டகையும் அவர்களுடையது.

ராப் அண்ட் ராப் என்ற சிகாகோ கட்டிடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. சுமார் மூவாயிரம் இருக்கை, செலவு 20 லட்சம் டாலர். 1929 செப்டம்பர் 28 அன்று திறந்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்துப் பங்குச்சந்தை விழுந்தது. ஜாதகம் பார்த்துத் திறந்திருக்கலாம் என்று என் அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் கொட்டகைக்கு அந்தப் பஞ்ச காலம் கெடுதல் செய்துவிடவில்லை. வீட்டில் அடுப்பெரியாதவனும் இரண்டு மணி நேரம் சரவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து வரலாம் என்றால் வரத்தானே செய்வான்? நியூயார்க்கைச் சுற்றி 1929, 1930 இரண்டே வருடங்களுக்குள் லோ நிறுவனம் இப்படி ஐந்து கட்டியது. 'அதிசயத் தியேட்டர்கள்' என்று அவற்றுக்குப் பெயர். ஜெர்ஸி சிட்டியில் இருப்பது அதில் ஒன்று. பக்கத்து ஊரான ஹோபோகனில் பிறந்த ஃபிராங்க் சினாட்ரா, இந்த மேடையில் பிங் கிராஸ்பி பாடுவதைக் கேட்டுவிட்டுத்தான் பாடகனாவது என்று முடிவெடுத்தார் என்பது ஊர்க்கதை. ஜெர்ஸி சிட்டியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் சினாட்ரா வந்துவிடுவார். மதுரையில் எம்ஜிஆர் வருகிறாரே, அந்த மாதிரி.

எனக்கு இந்தக் கட்டிடத்தில் மிகவும் பிடித்த கதை ஆர்கனுடையது. பேசாப் படக் காலத்தில் திரைக்கு முன்னால் ஒருவர், காற்றில் ஒலிக்கும் பெரிய குழாய் வாத்தியமான ஆர்கனை வாசிப்பார்; காதலுக்கும் துரத்தலுக்கும் இடிமழைக்கும் அதுதான் பின்னணி. ஐந்து அதிசயத் தியேட்டர்களுக்கும் ராபர்ட் மார்ட்டன் கம்பெனி ஒரே அச்சில் ஐந்து ஆர்கன் செய்துகொடுத்தது: நான்கு வரிசைக் கட்டைகள், 23 வகைக் குழாய்த் தொகுதிகள். வேடிக்கை என்னவென்றால், அவை வந்து இறங்கியபோதே படம் பேசத் தொடங்கிவிட்டது. திறப்பு நாளில் இங்கே ஓடியதே பேசும் படம்தான். பிறக்கும்போதே ஓய்வூதிய வயது. 1974இல் தியேட்டரைச் சுவர் வைத்து மூன்றாகப் பிரித்தபோது அந்த ஆர்கனைக் கழற்றி விற்றார்கள். அது நாட்டின் மறுகோடிக்குப் போய், கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரத்தின் ஆர்லிங்டன் தியேட்டரில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. பல வருடம் கழித்து ஜெர்ஸிக்காரர்கள் தங்கள் ஆர்கனைத் தேடியபோது அது திரும்பி வரும் நிலையில் இல்லை. பதிலாக, பிராங்க்ஸில் இருந்த பாரடைஸ் என்ற சகோதரித் தியேட்டரின் ஆர்கன், அதன் உடன்பிறந்த இரட்டை, கிடைத்தது. ஆர்கன் பித்துப் பிடித்த சில தொண்டர்கள் அதன் குழாய்களையும் தோல் பைகளையும் ஒயர்களையும் வருடக்கணக்கில் சரிசெய்து இங்கே குடியேற்றினார்கள். அக்கா வீட்டு மருமகளாக இருந்தவளைத் தங்கை வீட்டுக்கு அழைத்து வந்த கதை. அது முழங்குவதை நான் முதலில் கேட்ட அன்று, அடிநாதக் குழாய் ஒலித்தபோது காதில் எதுவும் விழுவதற்கு முன்பே விலா எலும்பில் அதிர்ந்தது.

மூன்றாகப் பிரித்ததற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஆட்கள் புறநகருக்குப் போனார்கள், கார் நிறுத்த இடமுள்ள தியேட்டர்கள் அங்கே வந்தன. 1986 ஆகஸ்டில் லோயீஸ் ஜெர்ஸி கதவை மூடியது. வாங்கியவர்கள் இடித்துவிட்டு அலுவலகக் கட்டிடம் எழுப்ப நினைத்தார்கள்.

ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'லோயீஸின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். 10,000 கையெழுத்து திரட்டினார்கள். நகரமன்றக் கூட்டம் ஒன்று விடாமல் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்வது என்பதை நாம் போராட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை; ஆனால் அந்த ஊரில் அன்றைக்கிருந்தவர்களைக் கேட்டால், தீர்மானத்தை மாற்றியது முழக்கம் இல்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் அதே முகங்கள் அதே வரிசையில் இருந்ததுதான் என்பார்கள். 1993இல் நகராட்சியே 3 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குக் கட்டிடத்தை வாங்கியது. 64 வருடத்துக்கு முன்னால் கட்ட ஆன செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கியதோடு சரி. சரிசெய்யப் பெரும்பணம் எதுவும் வரவில்லை. சாவியைச் சங்கத்திடம் கொடுத்து, முடிந்ததைச் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

தொண்டர்கள் கூடிச் சீரமைக்கும் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. நான் போய்ச் சேர்ந்தபோது அவை பத்து வருடத்துக்கு மேல் நடந்து பழகியிருந்தன. வருகிறவர்களில் பள்ளி ஆசிரியை உண்டு, தபால்காரர் உண்டு, தச்சர் உண்டு, என்னைப்போல ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருகுவது என்று யோசிக்கும் கணினி ஆட்களும் உண்டு. தடுப்புச் சுவர்களை எடுத்ததும், சுழலும் படிக்கட்டுகளைச் சுத்தம் செய்ததும், மேடை விளக்குகளின் பழைய சுவிட்ச் பலகையை உயிர்ப்பித்ததும், திரையைத் தூக்கி இறக்கும் கயிறுகளை மாற்றியதும் இப்படி வந்தவர்கள்தான். வேலை தெரிந்தவர் தெரியாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எனக்குக் கிடைத்தவர்தான் சூயிங்கம் நிபுணர்.

ஒருநாள் அவர் என்னிடம் பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் ஒரு கிண்ணத்தில் கரைசலையும் கொடுத்து, பால்கனிச் சுவரில் உள்ளங்கை அளவு இடத்தைக் காட்டினார். மற்ற இடத்தைத் தொடாதே என்றார். அந்தச் சுவர் அடர்த்தியான பழுப்பு நிறம்; அதுதான் அசல் வர்ணம் என்று நினைத்திருந்தேன். பூவேலைப்பாட்டின் ஒரு இதழைத் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் கரைசல் டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது. பிறகு வாசனை வந்தது: சிகரெட். பல்லாயிரம் பேர் ஐம்பது வருடம் ஊதிய புகை, சுவரில் தாராகப் படிந்திருந்தது. அரை மணி நேரம் கழித்து அதற்கடியில் இளம்பச்சையும், இதழின் விளிம்பில் ஒரு பொன்கோடும் தெரிந்தன. தலைமுடி அளவு கோடு. அதைத் தூரிகையால் இழுத்தவர் 1929இல் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்தபடி இழுத்திருப்பார். கீழே கடைசி வரிசையில் உட்கார்கிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தெரியாத இடத்திலும் இழுத்திருக்கிறார். மாலை வரை நான் சுத்தம் செய்தது மூன்று இதழ். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் அந்தச் சுவர் முடிய எனக்குப் பேரன் எடுக்க வேண்டியிருக்கும்.

தொண்டு வேலையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போய்விட மனம் வரவில்லை. அதன் எல்லையும் அங்கேதான் தெரிந்தது. இவ்வகைக் கட்டிடங்களின் கூரைப்பூச்சு கூரையோடு ஒட்டியிருப்பதில்லை. இரும்புச் சட்டத்திலிருந்து கம்பிகளில் தொங்கவிட்ட வலையில் பூசப்பட்டு அந்தரத்தில் இருப்பது. மேலே தளம் ஒழுகினால் தண்ணீர் முதலில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கீழே இருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் அழகாகவே தெரியும், ஒருநாள் ஒரு தேவதையின் தலை கீழே விழும்வரை. அதைப் பல் பிரஷால் சரிசெய்ய முடியாது. குளிர்சாதனம் கிடையாது, அதனால் கோடை முழுவதும் காட்சி கிடையாது. குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாமல் படம் பார்ப்போம். தீயணைப்பு விதிகளுக்கு ஏற்ற வழிகள் இல்லாததால் பால்கனியில் பார்வையாளர்களை விடவில்லை. அத்தனை பெரிய அரங்கில் கீழ்த்தளம் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. நான் சூயிங்கம் சுரண்டிய நாற்காலிகளில் உட்கார அன்றைக்கு ஆளே இல்லை.

இருந்தும் திறந்து வைத்திருந்தார்கள். 2001இலிருந்து, கோடை தவிர, மாதம் ஒருமுறையாவது பழைய படங்கள், நாடகம், கச்சேரி, பள்ளிக் குழந்தைகளின் ஆட்டம். முழுதாகச் சீரானபின் திறக்கலாம் என்று காத்திருந்தால் சீரமைக்க வேண்டும் என்று கேட்கக்கூட யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. புரூக்ளினில் இருக்கும் கிங்ஸ் தியேட்டர், இந்த ஐவரில் இன்னொன்று, 1977இல் மூடியது மூடியதுதான். மழையும் பனியும் உள்ளே வந்து போயின. கடைசியில் 9.5 கோடி டாலர் செலவழித்து 2015இல் திறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், கண் கூசும் அழகு. ஆனால் நடுவில் போன 38 வருடத்தில் அங்கே படம் பார்க்காமலே வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. மற்ற மூன்றும் வழிபாட்டுக்குப் போயின. மன்ஹாட்டன் 175ஆவது தெருவில் இருந்ததை 1969இலேயே ஒரு பிரசங்கியார் வாங்கி, கிட்டத்தட்ட அப்படியே காப்பாற்றினார். குவீன்ஸில் இருப்பது தேவாலயமாகி வர்ணமெல்லாம் புதிதாகப் பளபளக்கிறது. பக்தி இருக்கும் இடத்தில் ஒட்டடை அடிக்க ஆள் கிடைத்துவிடுகிறது. ஜர்னல் சதுக்கத்திலேயே சில நூறு அடி தள்ளியிருக்கும் ஸ்டான்லி தியேட்டரையும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எண்பதுகளில் வாங்கித் தங்கள் கையாலேயே புதுப்பித்து மண்டபமாக வைத்திருக்கிறார்கள். மாசு மருவில்லாமல் இருக்கும். படம் மட்டும் ஓடாது.

2013 வசந்தத்தில் என் தாய்மாமா எங்களோடு மூன்று மாதம் தங்க வந்தார். மதுரையில் கீழவாசல் பக்கம் ஒரு கொட்டகையில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவர். ஆபரேட்டர் ரூமில் கார்பன் குச்சி எரியும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் எப்போதும் லேசாகச் சிவந்திருக்கும். இடது கட்டைவிரலில் சூடுபட்ட தழும்பு. ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டிய காலத்தில், முதல் ரீல் அங்கே முடிந்து சைக்கிளில் இங்கே வந்து சேரும்வரை ஸ்லைடு போட்டுச் சமாளித்த கதைகள் அவரிடம் ஏராளம். அமெரிக்காவில் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. சுதந்திர தேவி சிலையைப் பார்த்துவிட்டு, "இதற்கா கப்பலில் வந்தோம்?" என்றார். ஒரு சனிக்கிழமை வேறு வழியில்லாமல் அவரை லோயீஸுக்கு அழைத்துப் போனேன்.

கூடத்தையும் சரவிளக்கையும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "மெஷின் எங்கே, மாப்பிள்ளை?" என்றார். சூயிங்கம் நண்பரிடம் சொன்னேன். அவர் மேலே ஆபரேட்டர் அறைக்கு அழைத்துப் போனார். ஏறத்தாழ ஆறு மாடி ஏறும் படிகள், மாமாவுக்கு அப்போது 68 வயது. நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. அங்கே இரண்டு 35 மிமீ புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கிருந்த ஆபரேட்டருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கேட்டைத் திறக்கலாமா என்று சைகையில் கேட்டார். அவர் தலையசைத்ததும் திறந்து, படச்சுருள் ஓடும் பாதையைச் சுண்டுவிரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். தூசி இல்லை. அப்போதுதான் அந்த ஆளின் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் ஸ்ப்ராக்கெட், லூப், ரீல் என்று பெயர்ச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார்கள். வினைச்சொல்லுக்குக் கை இருந்தது.

அன்று இரவு படத்துக்கு உட்கார்ந்தோம். மாமா படத்தைப் பார்க்கவில்லை. திரையின் வலதுபக்க மேல்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரீல் முடியப் போகும்போது அங்கே கண்ணிமைக்கும் நேரம் ஒரு புள்ளி வரும்; அது இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போடச் சொல்லும் குறி. ஏழெட்டு விநாடி கழித்து இன்னொரு புள்ளி. அதற்கு மாற்ற வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கப் படம் பார்த்தும் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்க மாட்டோம். முதல் புள்ளிக்கு மாமாவின் வலதுகை மடியில் லேசாக எழும்பியது. இரண்டாவது புள்ளிக்கு வாய்க்குள், "இப்போது" என்றார். காட்சி ஒரு இழைகூடத் தடுமாறாமல் அடுத்த ரீலுக்குப் போனது. "பரவாயில்லை, பையனுக்குக் கை நிதானமாக இருக்கிறது" என்றார். அந்தப் பையனுக்கு அறுபது வயது இருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா தங்கம் தியேட்டரைப் பற்றிப் பேசினார். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே மார்தட்டிக்கொண்ட கொட்டகை. அதை இடித்த இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது. என் கல்யாணப் புடவையே அந்த வீதியில்தான் எடுத்தது என்று என் மனைவி குறுக்கே சொன்னாள். இடிக்கும்போது யாராவது கையெழுத்து வாங்கினார்களா மாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச தூரம் நடந்தபின், "யாரிடம் போய் வாங்குவது? எல்லாரும் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்" என்றார். அந்த 'நானும்தான்' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பழைய கொட்டகைகளை நினைத்து உருகுகிற கட்டுரைகளை அதன்பிறகு முழுதாகப் படிக்க முடிந்ததில்லை. எழுதியவர் கடைசியாக அங்கே எப்போது டிக்கெட் எடுத்தார் என்று கேட்கத் தோன்றிவிடும்.

இங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. நகராட்சி, அரங்கைப் பெரிய நிகழ்ச்சி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்க விரும்பியது. சங்கம் குத்தகையைக் காட்டி மறுத்தது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் அதற்குத் தனித்தனிக் கட்சி இருந்தது. சங்கத்துக்காரர்கள் பிடிவாதக்காரர்கள், இருபது வருடமாகப் பூச்சு உதிர்ந்தபடியே வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. அவர்கள் இல்லாவிட்டால் உதிரப் பூச்சே இருந்திருக்காது என்பது என் கட்சி. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல்.

2021இல் ஒரு உடன்பாடு வந்தது. நியூவர்க் நகரத்தில் பெரிய விளையாட்டு அரங்கை நடத்தும் டெவில்ஸ் அரீனா நிறுவனம் அரங்கை நடத்தும். சீரமைப்புக்கு 7.2 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். பிறகு அந்தத் தொகை 10 கோடியைத் தாண்டி ஏறியது. உள்ளூர்க் கலைகளுக்கும் சமூக நிகழ்ச்சிகளுக்கும் இடம் ஒதுக்கவேண்டும், பழைய சங்கமும் அதில் பங்கு வகிக்கும் என்ற ஏற்பாட்டோடு. சாரம் கட்டினார்கள், கதவை மூடினார்கள். குளிர்சாதனம் வரும், பால்கனி திறக்கும், தேவதைகளின் தலை கழுத்திலேயே நிற்கும். இதற்கு வருத்தப்பட்டால் நான் பைத்தியக்காரன். வாடகைக் கணக்குதான் கவலை. ஒரு இரவுக்கு ஆகும் செலவு ஏறினால், நியூவர்க் அவென்யூவில் மாவரைத்து விற்கும் அம்மாள் தன் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு இந்த மேடையைக் கேட்க முடியுமா, கேட்டால் எந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமையைக் கொடுப்பார்கள்? ஒதுக்கீடு என்று தாளில் எழுதுவது சுலபம். எந்தக் கிழமை என்பதில்தான் அது நிஜமாகும். பெரிய பாடகர்கள் வந்து பாடட்டும், அந்தப் பணத்தில் கூரை நிற்கட்டும். நடுவே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்கு ஒதுங்குகிறவனுக்கும் கட்டுப்படியாகும் ஒரு டிக்கெட் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

சூயிங்கம் நண்பர் இப்போது மகனோடு ஃபுளோரிடாவில் இருக்கிறார். நான் சுத்தம் செய்த மூன்று இதழ்களின் மேல் தொழில்முறைக் கலைஞர்கள் இந்நேரம் புதிதாகப் பொன்கோடு இழுத்திருப்பார்கள். திறந்ததும் பால்கனிக்குப் போய்த் தேடிப்பார்க்க வேண்டும்.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைபேசியில் பேசும்போது பிள்ளைகளை விசாரிப்பார், சம்பளத்தை விசாரிப்பார், பனி விழுகிறதா என்பார். எல்லாம் கேட்டு முடித்து, ரிசீவரை அத்தையிடம் கொடுக்கப் போகிறவர்போல நிறுத்திவிட்டு, "அந்தக் கொட்டகையில் மெஷினை வைத்திருக்கிறார்களா, கழற்றிவிட்டார்களா?" என்று கேட்பார்.

"வைத்திருக்கிறார்கள், மாமா" என்கிறேன் ஒவ்வொரு முறையும்.

போன பொங்கலுக்கு, "நீ போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டார்.